கிணற்றுக் காட்சிக்கு முன்னால்

பேய்ப் படத்துக்குக் கூட்டம் சேர்ப்பது என் தொழில். படம் நன்றாக இருந்தால் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். இந்தப் படத்தில் பேய் வரும்போது எடிட்டரே சிரித்துவிட்டாராம். தயாரிப்பாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதையாவது பண்ணுய்யா, மானம் போகுது" என்றார்.

பண்ணினேன். தியேட்டர் வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கும். டிக்கெட் கிழிக்கும் இடத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட துணை நடிகை ஒருத்தி எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பாள். இரண்டாம் பாதியில் கிணற்றுக்குள்ளிருந்து கை வெளியே வரும்போது, மூன்றாம் வரிசையில் ஒருவர் மயங்கி விழுவார். நம் ஆட்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஜனங்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். ஆம்புலன்ஸ் சினிமா கம்பெனி வண்டி, உள்ளே போஸ்டர் கட்டுகளும் பசை வாளியும்தான் இருந்தன.

மயங்கி விழும் வேலையை அத்தானுக்குக் கொடுத்தேன். ஆலை மூடியதிலிருந்து எட்டு மாதமாக அவர் வீட்டில்தான் இருந்தார். "சுவத்தப் பாத்துப் பாத்து மனுஷன் பாதியாயிட்டாருடா, உன்கூடக் கூட்டிட்டுப் போ" என்று அக்காதான் சொன்னாள். நானும் பெரிய உபகாரி மாதிரி தலையாட்டினேன்.

அத்தானுக்கு நடிப்பு சுட்டுப் போட்டாலும் வராது. ஒத்திகையில் விழுவதற்கு முன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார். நாற்காலி இடிக்குமா என்று திரும்பிப் பார்ப்பார். கண்ணை மூடியதும் சிரித்துவிடுவார்.

"அத்தான், நீங்க விழுறதப் பாத்தா தூங்கப் போற மாதிரி இருக்கு."

"விழுறதுக்குக்கூட லாயக்கில்லங்கிறியா மச்சான்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் மெத்தையைத் தரையில் போட்டு விழுந்து விழுந்து பழகினாராம்.

படம் வெளியாவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு சோதனைக் காட்சி போட்டோம். அத்தான் சுமாராகத்தான் விழுந்தார். ஆனால் கூட்டத்தில் யாரோ இரக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய, நிஜ ஆம்புலன்ஸே வந்துவிட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நேரில் போய் அங்கே போன் எடுக்கும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "இனிமே இந்தத் தியேட்டர்லேர்ந்து யாரு கூப்பிட்டாலும் விளம்பரம்தாம்மா, கண்டுக்காதீங்க" என்று சொல்லி, தேதி போட்டு எழுதியும் கொடுத்தேன். எவ்வளவு பொறுப்பானவன் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

முதல் நாள், காலைக் காட்சி. அரங்கு நிறைந்திருந்தது. திரையில் கதாநாயகி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பேய் கிடையாது, இசைகூடக் கிடையாது. அத்தான் பாதி எழுந்து, பக்கவாட்டு நடைபாதையில் நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். பிறகு இருக்கைகளுக்கு நடுவே சரிந்தார்.

கிணற்றுக் காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அவசரக்குடுக்கை என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அடுத்த நொடியே மலைத்துப்போனேன். சட்டையை இழுத்துவிடவில்லை, நாற்காலியைப் பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வைகூட வரவழைத்திருந்தார். மனுஷன் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

ஆட்கள் தூக்கிவந்து, திட்டப்படி வரவேற்பறையில் பெரிய போஸ்டருக்குக் கீழே கிடத்தினார்கள். கூட்டம் செல்போனும் கையுமாகச் சூழ்ந்தது. "நல்லா எடுக்கட்டும், யாரும் அவசரப்படாதீங்க" என்று நான்தான் சொன்னேன்.

வெள்ளைக் கோட்டுப் பெண் என் காதருகே வந்தாள். "சார், கை ஜில்லுன்னு இருக்கு சார்."

"பிரமாதமா பண்றாரு இல்ல?"

"சார், மூச்சே இல்ல சார்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அதே அம்மாதான் எடுத்தார். கத்தினேன், கெஞ்சினேன், அழுதேன். "எனக்கு ஏற்கெனவே நாலு போன் வந்தாச்சு சார். யாரு கூப்பிட்டாலும் கண்டுக்காதீங்கன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" என்று சிரித்தார்.

அத்தானைப் போஸ்டர் கட்டுகளின்மேல் படுக்கவைத்து எங்கள் வண்டியிலேயே கொண்டுபோனோம். சைரன் கேட்டுத் தெருவில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இருபது நிமிடம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அக்காவிடம், "விழுந்த உடனே போயிட்டாருக்கா, ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றேன். அந்தப் பொய்யை நானும் நம்பப் பார்த்தேன். தயாரிப்பாளர் மாலையோடு வந்தார், அக்கா காதில் விழாத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டுபோய், "படம் பிச்சுக்கிட்டுப் போகுதுய்யா" என்றார். அவரை அடித்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டாள். அவள் கையில் செல்போன் இருந்தது. கதாநாயகி இஸ்திரி போடுவதை எவனோ திருட்டுத்தனமாகப் பின்வரிசையிலிருந்து எடுத்திருக்கிறான். அதில் அத்தான் எழுகிறார், கையை நீட்டுகிறார். திரை வெளிச்சத்தில் நடைபாதையில் நிற்பவன் முகம் நன்றாகத் தெரிகிறது. அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான்.

அக்கா அந்த இடத்தில் நிறுத்தினாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"உன்னத்தான்டா கூப்பிட்டிருக்காரு" என்றாள்.

அவள் படத்தை மறுபடியும் ஓடவிட்டாள்.

"இதப் பாரு. நீ விரலக் காட்டினதுக்கு அப்புறம்தான் அவரு கைய எறக்கினாரு."