அண்ணி மிச்சம் பிடித்த நேரம்

என் அண்ணிக்கு ஒரு வேலையை ஒரே மாதிரி இரண்டு தடவை செய்யப் பிடிக்காது. பாத்திரத் தொட்டிக்கு மேலேயே ஒரு கம்பித் தட்டு அடித்தாள். கழுவிய தட்டைச் செருகினால் தண்ணீர் தானாக வடிந்துவிடும், துடைக்கவே வேண்டாம். குழாயை முழங்காலால் தள்ளித் திறக்க ஒரு கம்பி. காய்கறியை வைத்து அமுக்கினால் துண்டு துண்டாக விழ ஒரு கத்திச் சட்டம். எல்லாம் பழைய இரும்புக் கடைச் சாமான்தான். நான் தையல் கடையில் வேலை செய்பவள், அண்ணன் வீட்டில்தான் வாசம். கடை விட்டு வந்து பார்த்தால் ஏதாவது ஒன்று புதிதாக முளைத்திருக்கும்.

மிச்சமான நேரம் அவளுக்குக் கிடைத்ததா என்றால், அதுதான் இல்லை. அதை முழுங்க வீட்டில் ஓர் ஆள் இருந்தான். என் கூடப்பிறந்த அண்ணன்தான், வேறு யார்?

"பாத்திரம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா? உனக்குத்தான் நேரம் மிச்சமாச்சே, என் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுடேன்" என்பான். சமையல் சீக்கிரம் முடிந்தால் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரைச் சாப்பிடக் கூட்டி வந்துவிடுவான். கெட்டவனெல்லாம் கிடையாது. மண்டையில் ஏறாது, அவ்வளவுதான்.

காலால் மிதித்தால் உள்ளே தண்ணீர் பீய்ச்சிப் பாத்திரம் கழுவும் பெட்டி ஒன்றை அண்ணி வரைந்து ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தாள். மாதக் கடைசிக்குள் நிஜமாகவே ஓடுகிற பெட்டியைக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். தெருக்கோடி வெல்டிங் பட்டறைக்காரர், "சாயங்காலம் பட்டறை சும்மாதாம்மா கிடக்கும், வந்து செஞ்சுக்கோ" என்றார். நல்ல மனுஷர். ஆனால் சாயங்காலம்தானே எங்கள் வீட்டு அழுக்குத் துணி வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்!

ஒரு வாரம் ஓடியும் அண்ணி பட்டறை வாசலை மிதிக்கவில்லை. துணித் தொட்டி ஓரமாக உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நான் மிச்சம் பிடிக்கிற நேரமெல்லாம் எங்கடி போகுது?"

"எங்க போகும்? அண்ணன் வாயிலதான். நான் துவைக்கிறேன் அண்ணி, நீங்க கிளம்புங்க."

"நீயே நாள் பூரா மெஷின் மிதிச்சுட்டு வர்ற. இதையும் உன் தலையில கட்டவா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் டேப்பைக் குடு."

நேராக அண்ணனிடம் போய் அவனைத் தரையிலிருந்து நெஞ்சு வரை அளந்தாள். கையை நீட்டச் சொல்லி அளந்தாள். அண்ணன் விறைப்பாக நின்றான். "சட்டையா? காலர் கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்" என்று வேறு சொன்னான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. தரையிலிருந்து அளந்து சட்டை தைக்கும் கடையை நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்வாசலில், அண்ணி அளவு கொடுத்துப் பட்டறைக்காரர் அடித்துத் தந்த பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்று உயரமான இரும்புக் கால்கள்மேல் படுத்திருந்தது. பக்கத்தில் சுற்றுகிற கைப்பிடி. துணியையும் சோப்புத் தண்ணீரையும் போட்டு மூடிச் சுற்றினால் துவைத்துவிடும். கைப்பிடி மேலே போனபோது அண்ணி எம்பிப் பார்த்தாள், எட்டவில்லை. நானும் எம்பினேன். இந்த வீட்டில் பெண்கள் இரண்டு பேருமே குள்ளம்.

"அளவுல கோட்டை விட்டுட்டியே!" அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சரியான அளவுதாங்க. உங்க அளவு."

சிரிப்பு பாதியில் நின்றது. "ஸ்டூல் போட்டு ஏறிக்கலாமே?"

"ஸ்டூலைப் பட்டறைக்குக் கொண்டு போயிட்டேன்" என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டாள்.

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். மறுநாள் போட்டுக்கொள்ள அவனுக்குத் துவைத்த சட்டை ஒன்றுகூட இல்லை. முணுமுணுத்துக்கொண்டே சுற்ற ஆரம்பித்தான்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் அவள் பட்டறையில், இவன் பீப்பாயில். மாதக் கடைசியில் பெட்டி கம்பெனிக்குப் போனது. திரும்பி வந்தவள் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "எடுத்துக்கிட்டாங்கடி! என் பேர்லயே வருது!" எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

அண்ணனும் ஈரக் கையோடு ஓடி வந்தான். அவன் முகமெல்லாம் பல். "நானும் ஒண்ணு சொல்லணும். முன்னெல்லாம் துணிக்கே உனக்குச் சாயங்காலம் பூரா போயிடும் இல்ல? எனக்கு அரை மணியில முடிஞ்சிடுச்சு!" என்று, ஏதோ பீப்பாயைத் தானே கண்டுபிடித்த மாதிரி மார்தட்டினான்.

அண்ணி அவனைப் பாசமாகப் பார்த்தாள்.

"அப்படியா? அப்ப உங்களுக்குத்தான் நேரம் மிச்சமாச்சே" என்றாள்.

இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.