கட்டைவிரல் அடங்கும் வரை

என்னிடம் பேசும் நோயாளிகள் நாலு வார்த்தைக்குள் தூங்கிவிடுவார்கள். மயக்க டாக்டர் பிழைப்பு அப்படி. வீட்டிலும் பேச ஆளில்லை, அதனால் அந்த நாலு வார்த்தைக்கே நான் ஏங்குவேன்.

அன்று ஆபரேஷன் மேஜையில் படுத்திருந்த ஒரு அம்மாவுக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கும்போது பிரஷர் எகிறினால் அது வெடித்துவிடலாம்.

"என் பையன் வெளியில உக்காந்திருக்கான் டாக்டர். முடிஞ்சதும் அவன்கிட்ட சொல்லிடுங்க" என்றாள்.

நர்ஸ் என் காதருகே குனிந்தாள். "யாருமே இல்ல மேடம். டாக்ஸியில தனியாத்தான் வந்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. வலி தெரியாமலிருக்கவும் தூங்கவும் மருந்து ஏற்றினேன். பிறகு தசையைத் தளர்த்தும் மருந்து. மாஸ்க் வழியாகக் காற்று போய்க்கொண்டிருந்தது. தசை தளர்ந்துவிட்டதா என்று பார்க்க மணிக்கட்டில் ஒட்டிய கருவி மின்சாரம் தட்டத் தட்ட, அவள் கட்டைவிரல் துள்ளியது.

"இன்னுமா? சட்டுன்னு டியூப போடுங்க." சர்ஜன் எப்போதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்பவர்.

"விரல் இன்னும் துள்ளுது சார். இப்ப போட்டா இருமுவாங்க, பிரஷர் பிச்சுக்கிட்டு ஏறும்."

"விரல் நின்னா போட்டுடலாமில்ல?"

"வலி மருந்தும் பிடிக்கணும். பொறுங்க."

எத்தனை தரம் சொன்னாலும் இவர்களுக்கு ஏறாது. தளர்ந்த உடம்பு அசையாது, அவ்வளவுதான். உள்ளே பதறினால் பதறியதுதான். அதை வெளியே சொல்ல பிரஷரை விட்டால் அதற்கு வேறு வாய் கிடையாது. மாலையில் வீட்டுக்குள் தனியாக அசையாமல் உட்கார்ந்திருக்கும் எனக்கு இது தெரியாதா?

விரல் அடங்கியது. வலி மருந்துக்காக இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். சர்ஜன் பெருமூச்சு விட்டார், விடட்டும். டியூபை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தேன். பிரஷர் லேசாக ஏறி, யோசித்து, இறங்கியது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் அந்த அம்மா கரகரத்த குரலில் கேட்டாள்.

"பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னான்?"

"அம்மாவ நல்லா பாத்துக்கோங்கன்னு சொன்னார்."

அவள் என்னையே பார்த்தாள்.

"அவன் அப்படி சொல்ற ஆளில்ல டாக்டர்." கண்ணை மூடிக்கொண்டாள். "இருந்தாலும், இன்னொரு தடவை சொல்லுங்க."