மைக்செட்டுக்குக் கிடைத்த பிளக் பாயிண்ட்

நாங்கள் கேட்டது பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட், எட்டு. மனுவை எழுதியது நான்தான். எங்கள் பிளாக்கில் பி.எஸ்சி. முடித்த ஒரே ஆள் என்பதால் மனு எழுதும் வேலையெல்லாம் என் தலையில். பேட்டரி ஸ்கூட்டர் ஏழு, என் அம்மா யாகப்பம்மாளின் பேட்டரி மீன்வண்டி ஒன்று. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

மின்வாரிய ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து நட்டது ஒன்றே ஒன்று. ஆள் உயரத்தில், பச்சைப் பெயிண்ட் அடித்து, யானைத் தும்பிக்கை கணக்காக ஒயர் தொங்கும் கார் சார்ஜர். பாம்பன் கரையில் மீன்பிடிக் குடும்பங்களுக்கென்று கட்டிய நாலு மாடிக் குடியிருப்பு இது. இங்கே கார் வருவது கல்யாணத்துக்கும் எலெக்‌ஷனுக்கும்தான்.

அதோடு விட்டார்களா? 'சார்ஜர்தான் வந்துவிட்டதே' என்று, மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து அம்மா வண்டிக்கு இறக்கியிருந்த ஒயரைத் திறப்புவிழா அன்று காலையிலேயே அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆபத்தாம். ஒயர் இப்படித் தொங்குவது ஆபத்து என்று மனுவில் நானே எழுதியிருந்தேன். வண்டியில் சார்ஜ் இல்லை. மூன்று மணிக்குப் படகு கரைக்கு வரும். மீனை ஏற்றி உச்சிப்புளிச் சந்தைக்குப் போயாக வேண்டும். ஒரு நாள் தவறினால் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

பத்து மணிக்குப் பொறியாளர் தங்கப்பாண்டி வந்து ரிப்பன் வெட்டினார். போட்டோவுக்கு மின்வண்டி வேண்டுமே? அவர் வந்ததோ டீசல் கார்.

"அந்த மீன்வண்டியக் கொண்டாங்கம்மா. கொஞ்சம் கழுவிட்டு."

அம்மா நிஜமாகவே கழுவினாள். அவர் தும்பிக்கையை வண்டியில் செருகப் பார்த்தார். சுறாவுக்குச் செய்த தூண்டில் நெத்திலி வாய்க்குள் போகுமா?

"சொருகுன மாதிரி பிடிச்சுக்கிட்டு நில்லும்மா. போட்டோல தெரியாது."

"போட்டோ எடுத்தா வண்டி ஓடுமா சார்?" என்றேன்.

"படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது? வருங்காலத்துக்குன்னு வச்சிருக்கோம். நாளைக்கே நீங்க கார் வாங்குவீங்க."

"எங்கம்மாவோட வருங்காலம் இன்னைக்கு மூணு மணிக்கு சார்."

"எடி, வாயப் பொத்து," என்று அம்மா என் தொடையில் கிள்ளினாள். அவர் மைக்கைப் பிடித்துவிட்டார். கடலோர மக்களின் வாசலுக்கே மின்சாரத்தைக் கொண்டுவந்து விட்டாராம்.

அப்போதுதான் மைக்செட் ஒயர் எங்கே போகிறது என்று பார்த்தேன். தூணில் புத்தம்புதிதாக ஒரு பலகை. அதில் பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட். மூன்று மாதம் அலைந்தும் எங்களுக்குக் கிடைக்காதது, இவருடைய அரைமணி நேரப் பேச்சுக்கு ஒரே காலையில் முளைத்திருந்தது.

மைக்செட் போட்ட ஹசன் அலி அண்ணனிடம் கேட்டேன்: "இது யாருண்ணே மாட்டுனது?"

"ஆபீஸ் எலெக்ட்ரீசியன்தான். கூட்டம் முடியவும் கழட்டிருவாக."

"கழட்டட்டும், பாப்போம்."

மைக்செட் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா வண்டியை உருட்டி வந்து அதன் சார்ஜரைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மேடையில் அவருக்கு வாய் மட்டும் அசைந்தது. ஹசன் அலி அண்ணன் சிரிப்பை மறைக்கக் குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்.

"ஏம்மா, என்ன பண்ற அங்க?"

"நீங்க பேசுங்க சார். கத்திப் பேசுனா கேக்கும். நாங்கள்லாம் கடல் இரைச்சலுக்குள்ள பேசிப் பழகுனவுகதான்."

பலகையை மறைத்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அம்மா வேகமாக வந்தாள். கிள்ளத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"மூணுக்குள்ள ஏறிருமாடி?"