ரிவர்ஸின் அம்மா

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லாரும் 'பிரேக் அண்ணன்' என்பார்கள். பயிற்சியாளருக்கென்று தனியாக இருக்கும் இரண்டாவது பிரேக்கை விட்டு அவர் கால் எடுத்ததே இல்லை. வாயும் அப்படித்தான், ஓயாது. ஆனால் அந்த வாரம் வாய்க்கு மட்டும் பூட்டுப் போட்டிருந்தார்.

காரணம், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்திருந்த கணக்கு டீச்சர். அவருடைய ஒரே மகன் ராணுவத்தில் இருந்தான். ஒன்பது மாதத்துக்கு முன் எல்லையில் நடந்த சண்டையில் இறந்துபோனான். கொடி போர்த்திய பெட்டி வந்த அன்று தெரு கொள்ளாத கூட்டம். அதோடு சரி, பிறகு அந்த வீட்டை எட்டிப்பார்க்க ஆளில்லை. மகன் வாங்கிய கார் தூசி படிந்து கிடந்தது. அதைத் தானே ஓட்டுவதென்று டீச்சர் கிளம்பி வந்திருந்தார்.

"அண்ணே, பையனப் பத்தி மூச்சு விடாதீங்க. பாவம், ஒடஞ்சு போயிடுவாங்க" என்று பள்ளி நடத்தும் அம்மா முதல் நாளே எச்சரித்திருந்தார். அந்தப் பையனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே பிரேக் அண்ணன்தான். சொல்ல ஆயிரம் இருந்தும், நான்கு நாளாக "கிளச்சு, கியரு" என்பதற்கு மேல் அவர் பேசவில்லை.

ஐந்தாம் நாளும் டீச்சருக்கு வண்டி முன்னால் போக மறுத்தது. நாலடி உருண்டு நின்றது. பின்னால் எடுக்கச் சொன்னால் மட்டும் நூல் பிடித்தாற்போல் எடுத்து நிறுத்தினார்.

"அச்சு அசல் நம்ம ரிவர்ஸு மாதிரியே" என்று பிரேக் அண்ணன் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"யாரு ரிவர்ஸு?"

"ஒண்ணுமில்லம்மா, வண்டிய எடுங்க."

டீச்சர் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "சொன்னாத்தான் வண்டி நகரும்."

வேறு வழியில்லை. "உங்க பையனுக்கு இங்க அதாம்மா பேரு. அவனும் பின்னால மட்டும்தான் ஒழுங்கா ஓட்டுவான். டெஸ்ட் அன்னிக்கு அவன் போட்ட பிரேக்குல ஆபீசர் கையில இருந்த தண்ணி பாட்டில் கவுந்து, மனுஷனோட பேன்ட்டெல்லாம் நனைஞ்சு போச்சு. வெளிய எறங்க ஆபீசருக்கு வெக்கம். இவன் சட்டையக் கழட்டி இடுப்புல கட்டிக்கச் சொல்லிக் குடுத்துட்டு, பனியனோட வீட்டுக்குப் போனான்."

"சட்டை தொலஞ்சு போச்சுன்னு எங்கிட்டப் பொய் சொன்னானே, படவா. ஒரு வாரம் திட்டினேன்" என்ற டீச்சர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

பிரேக் அண்ணன் பதறிப்போனார். "மன்னிச்சுக்குங்கம்மா. நான் ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாது."

"நான் மறந்தாத்தானே அண்ணே நீங்க ஞாபகப்படுத்த? எம்மனசு நோகும்னு எல்லாரும் அவன் பேச்சையே எடுக்கறதில்ல. ஒன்பது மாசமா அவன் பேர நானும் அவங்கப்பாவும் மட்டும்தான் சொல்லிக்கிறோம். இன்னிக்குத்தான் எனக்குத் தெரியாத ஒரு கதை கெடச்சுது. இன்னும் இருந்தா சொல்லுங்க."

அன்று பாடம் நடக்கவில்லை. கதைதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் அண்ணன் மனைவியோடு டீச்சர் வீட்டுக்குப் போனார். யார் வந்தாலும் அறையை விட்டு வராத டீச்சரின் கணவர், "அந்தப் பனியன் கதைய எனக்கும் ஒரு தடவ சொல்லுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டுத் தயங்கித் தயங்கி வந்த எதிர்வீட்டுக்காரரிடமும் ஒரு கதை இருந்தது. ஒன்பது மாதமாக அதை அவர் மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

மறுநாள், "இப்படிப் பண்ணிட்டீங்களே" என்று கோபித்துக்கொண்ட பள்ளி நடத்தும் அம்மாவிடம் பிரேக் அண்ணன் சொன்னார்:

"நாட்டுக்காகப் போன புள்ளைக்கு நாம மாலை போட்டதோட நம்ம கடமை முடிஞ்சுடல. கூட்டம் கலைஞ்ச பிறகுதாம்மா அந்த வீட்டுக்கு மனுஷங்க வேணும். போகணும், பக்கத்துல உக்காரணும், அவன் பேரச் சொல்லிப் பேசணும். அவங்க அழுதா அழட்டும், கூட நாம இருக்கோம்ல."