காளீஸ்வரி பார்த்த முகம்

...உங்க இஷ்டம் என்று சொல்லியிருக்க வேண்டாம், வாங்க என்றாவது சொல்லியிருக்கலாம், அவள் கேட்டது அவ்வளவுதானே, நாளைக்கு வரட்டுமா வேண்டாமா சார் என்று, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. காளீஸ்வரி. மம்சாபுரத்திலிருந்து ராஜபாளையத்தில் எங்கள் பயிற்சி மையத்துக்கு பஸ் ஏறி வந்து, பேச்சு வராத பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பழகுகிறவள், பழக்கிவிட வேண்டியவன் நான். பிஹேவியர் அனலிஸ்ட், நடத்தைப் பயிற்சி நிபுணன் என்று எனக்குச் சான்றிதழ் வந்தே கொஞ்ச நாள்தான். பிள்ளைகளைக் கவனிக்கத் தெரியும். பிள்ளைகளைக் கவனிக்கிறவர்களைக் கவனிப்பது... அது வேறு வேலை போல. என் மனைவி வேதாவின் ஸ்கூட்டர் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தானாகப் போகிறது, வீட்டுக்குத்தான், அங்கே யாரும் இல்லை, அவசரமும் இல்லை.

காலையில் வைகுந்த். சின்னப் பையன், தாகம் எடுத்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வான். காளீஸ்வரி தண்ணீர் பாட்டிலை அவன் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு, வாயை மூடிக் காத்திருந்தாள், நானாக இருந்தால் அவசரப்பட்டிருப்பேன், அவன் உதடு அசைந்தது, த... என்றான், முதல்முறையாக, அந்த நொடியே பாட்டில் அவன் கையில். இதைவிடச் சரியாக யாராலும் செய்ய முடியாது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மூலையில், நாற்காலியில், முகத்தில் ஒன்றும் இல்லாமல்... வேதா இறந்துபோன பிறகு இந்த முகம் இப்படித்தான், உள்ளே ஏதாவது அசைந்தாலும் வெளியே வருவதில்லை. அடுத்த முறை அவள் பாட்டிலைக் கொடுக்கவில்லை. முழுசாச் சொல்லு கண்ணு, தண்ணி, தண்ணி. அவன் த என்றான், திரும்பவும் த என்றான், பிறகு கடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. ஏன் மாத்துனீங்க என்று கேட்டேன். உங்க மூஞ்சியப் பாத்தேன் சார், தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன். கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த கருத்தம்மாக்கா, ஏட்டி, அவுக சிரிச்சா பல்லு கொட்டிரும், அந்த மூஞ்சியப் போயி பாத்தியாக்கும் என்றாள். காளீஸ்வரி சிரிக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போதுதான் கேட்டாள், வரட்டுமா என்று.

மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கில் வண்டியை நிறுத்துகிறேன். பாராட்டு உடனே வரவேண்டும், தாமதித்தால் எதற்கென்று பிள்ளைக்குத் தெரியாது, பெற்றோருக்கு நாங்கள் சொல்வதுதான்... பெரியவர்களுக்கு? போன் போடுகிறேன். எடுத்ததுமே, சொல்லுங்க சார், இன்னும் என்ன தப்பு? இது நான் பழக்கியது, வேறு யார் பழக்கியிருக்க முடியும். தப்பில்ல காளீஸ்வரி, அந்த மொதத் தடவ நீங்க செஞ்சது... கேக்கல சார், பஸ்ல ஒரே சத்தம், பொறவு பேசுதேன். அவ்வளவுதான். வருவாளா? ஸ்கூட்டர் கண்ணாடியில் என் தோள் தெரிகிறது. வேதா உள்பக்கமாகத் திருப்பி வைத்தது, நான் மாற்றவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் கோயில் அடிவாரத்தில்தான் வண்டி பழகினாள், கூட்டமில்லாத நாட்களில், நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன், கால ஊணாத, கண்ணாடிய என்ன பாக்குற, ரோட்டப் பாரு... கண்ணாடியை ஒழுங்காக வைக்கத் தெரியாதவள் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்படித் திருப்பினால் ரோடு தெரியாது. தோளுக்குப் பின்னால் ஓடி வருகிறவனின் முகம்தான் தெரியும். அப்போது வேதா இருந்தாளே... அப்போது எந்த முகத்தை வைத்திருந்தேன்?