மஞ்சள் என்றால் நலம்

பல்கேரியாவின் ப்ளோவ்டிவ் நகரில் பெண்களுக்கான சோதனைப் பட்டை தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் ஒரு விசேஷம் இருந்தது. முடிவெடுக்கும் ஆண்கள் யாருக்கும் 'யோனி' என்ற சொல் வாயில் வராது. டைரக்டர் பொகொமில் தாஷெவ் 'அந்தப் பக்கம்' என்பார். விற்பனைக்காரர்கள் அதுகூடச் சொல்லாமல் கையால் கீழே காட்டுவார்கள். இந்த லட்சணத்தில்தான் நாற்றத்தோடு வெள்ளைப்படும் தொற்றை நொடியில் கண்டுபிடித்துக் காட்டப்போகிறார்களாம்.

பட்டையை உருவாக்கியவள் ருமியானா. நலமாக இருக்கும் யோனியில் இயல்பாகவே புளிப்பு உண்டு. இந்தத் தொற்று வந்தால் அது குறையும். பஞ்சுக் குச்சியில் எடுத்த ஈரத்தைத் தடவியதும் பட்டை மஞ்சளாகவே இருந்தால் நலம், நீலமானால் தொற்று. கிருமி சுரக்கும் நொதியையே பிடிக்கும் வேறொரு பட்டையைச் செய்யத்தான் அவள் முதலில் அனுமதி கேட்டாள். செலவு அதிகம் என்று பொகொமில் தள்ளிவிட்டார். அவருக்கு விலை தெரிந்த அளவுக்கு வேறெதுவும் தெரியாது.

ஆய்வகத்தில் ஒழுங்காக வேலை செய்த பட்டை, மருத்துவமனையில் சொதப்பியது. நுண்ணோக்கியில் தொற்று அப்பட்டமாகத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது மஞ்சளாகவே இருந்தது. "மைக்ராஸ்கோப் பாக்குறவன் குடிச்சிருப்பான்" என்றார் பொகொமில். ருமியானா மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டாள்.

விடை அவள் வீட்டுக் குளியலறையிலேயே இருந்தது. டாக்டரிடம் போகவேண்டிய ஒரு காலையில், அம்மா பழக்கிவிட்டபடி, வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகரை ஊற்றி உள்ளே கழுவிக்கொண்டிருந்தாள். அழுக்காகப் போய் டாக்டர் முன்னால் படுப்பது அவமானம் என்று அவளுக்குத் தெரிந்த பெண்களெல்லாம் செய்வதுதான். பாட்டிலும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். வினிகரின் புளிப்பைத்தான் பட்டை நலம் என்று எடுத்துக்கொள்கிறது! இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

ஓடிப்போய்ச் சொன்னாள். பொகொமிலுக்குக் காது சிவந்தது.

"நம்ம பொம்பளைங்க சுத்தமானவங்க. அதையும் ஒரு குறையாச் சொல்ல வந்துட்டியா?"

"குறை நம்ம பட்டையில சார். சீக்கு இருக்கறவளுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுது. அதை நம்பி அவ மருந்தே எடுக்கமாட்டா."

"நாளைக்கு மருந்துக்கடைக்காரங்க வர்றாங்க. பட்டை நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லிட்டு உக்காரு. இல்லேன்னா வேற வேலை பாத்துக்கோ."

மறுநாள் மேசையில் ரக்கியா என்ற பழச்சாராயம், பாலாடைக்கட்டி, ஊறுகாய் என்று கல்யாண வீட்டுத் தடபுடல். ஊருக்கு ஊர் மருந்துக்கடை வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து, கொள்முதல் அதிகாரி ஸ்தாமென்கா வந்திருந்தாள். பொகொமில் பெண்களின் கண்ணியத்தைப் பற்றி, எந்தப் பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்காமலே, நெடுநேரம் முழங்கினார். பிறகு ருமியானாவைப் பேசச் சொன்னார்.

ருமியானா எழுந்தாள். ஒரு பட்டையை எடுத்து, முட்டைக்கோஸ் ஊறுகாய்த் தண்ணீரில் முக்கி, எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். மஞ்சள்.

"வாழ்த்துகள் டைரக்டர் சார். உங்க ஊறுகாய்க்கு யோனித் தொற்று இல்ல."

"ஏய், என்ன பேச்சு இது!" என்று பொகொமில் துள்ளினார். ருமியானா நிறுத்தவில்லை. வினிகர் கதையை ஒன்றுவிடாமல் போட்டு உடைத்தாள். விற்பனைக்காரர்கள் மேல்கூரையில் எதையோ தேடினார்கள். பெண்களைக் காப்பாற்றக் கிளம்பிய வீரர்கள்!

ஸ்தாமென்கா சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வினிகர் ஊத்திக் கழுவிட்டுப் போட்டா, சீக்கு இருந்தாலும் மஞ்சள்தானா?"

"ஆமா மேடம்."

"நீங்க அனுப்பின சாம்பிள் பட்டைய நானே போட்டுப் பாத்தேன்" என்றாள் ஸ்தாமென்கா, அத்தனை ஆண்களுக்கும் கேட்கும்படி. "கழுவிட்டுத்தான் போட்டேன். மஞ்சள் வந்துச்சு. ஒண்ணுமில்லன்னு டாக்டர்கிட்டப் போகாம இருந்துட்டேன். நாத்தம் மட்டும் போகவே இல்ல."

கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"கழுவாமலே போறேன். எந்த டாக்டர்னு சொல்லும்மா."