சாப்பாட்டு மேசையும் ஏணிப் பெட்டியும்

ஆக்லாந்தின் ஏவன்டேல் பகுதியில் ஆனந்தராசா வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஆட்கள் உட்கார இடம் இருந்ததோ இல்லையோ, பாட்டுக் கேட்கும் சாமான்களுக்கு இடம் இருந்தது. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, அம்ப்ளிபையர், சீடி பிளேயர், இவற்றுக்கு நடுவே மூடியில்லாத ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியைக் கண்டாலே அவர் மனைவி உஷாவுக்கு ஆகாது.

பெட்டி ஆனந்தராசா தன் கையால் செய்தது. சீடியில் இருப்பவை வெறும் இலக்கங்கள். அவற்றைச் சத்தமாக மாற்ற ஒன்று வேண்டும். கடைச் சாமான்களில் அந்த வேலையை ஒரு சின்னச் சிப் பார்த்துக்கொள்ளும். இவரோ ரெசிஸ்டர்களை ஏணிப் படிகள் போல அடுக்கியிருந்தார். மேல்படிதான் பெரியது, அதற்குக் கீழே வருகிற ஒவ்வொரு படியும் முந்தியதில் பாதி. ஒரு படி இம்மி பிசகினாலும் பாட்டுக் கெட்டது. அதற்காகப் பை பையாக ரெசிஸ்டர் வாங்கி, ஒவ்வொன்றாக மீற்றரில் அளந்து, ஒத்துவந்ததைப் பொறுக்கினார். மிச்சத்தை உஷாவின் பருப்பு டப்பாக்களில் போட்டு வைத்து நன்றாக ஏச்சு வாங்கினார்.

ஊரில் அவர் தொலைத்தொடர்பு எஞ்சினியர். இங்கே விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்குகிறார். நேர்முகத் தேர்வுக்குப் போன இடங்களில் எல்லாம், உள்ளூர் அனுபவம் இல்லை என்று சிரித்த முகத்தோடு கை குலுக்கி அனுப்பினார்கள். தான் இன்னும் எஞ்சினியர்தான் என்பதற்கு அந்த ஏணி ஒன்றுதான் அவரிடம் மிஞ்சியிருந்த அத்தாட்சி. இதை அவர் உஷாவிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் இரங்கியிருப்பாள். மனிதருக்கு அந்தப் புத்தி எங்கே வந்தது?

உஷாவுக்கு வேண்டியது ஒரு சாப்பாட்டு மேசை. நாடு விட்டு நாடு வந்தும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. மேசை போடக்கூடிய ஒரே இடத்தில் பெட்டி குடியிருந்தது.

இந்த நேரம் பார்த்துத்தான் சதாசிவம் போன் செய்தார். அவர் ஆனந்தராசாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்; இங்கே கணக்காளர்; வெஸ்ட்கேட் பக்கம் புது வீடு வாங்கி, அதற்குள் வைக்க என்ன வாங்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்.

"ஐசே ஆனந்தர், நானும் ஒரு ஏணி வாங்கிட்டன். இது கொம்பனி ஏணி. உம்மட கைவேலை இதுக்குக் கிட்டவும் வராது."

"சனிக்கிழமை கொண்டு வாரும். ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் கேப்பம்," என்றார் ஆனந்தராசா. போனை வைத்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன.

உஷா விடவில்லை. "உங்கட காதை நான் நம்பமாட்டன். உங்களைத் தவிர ஒராளாவது, எது உங்கட பெட்டி எண்டு கேட்டுச் சொல்லட்டும். சொன்னால் அது இஞ்சயே இருக்கட்டும். சொல்ல ஏலாட்டி கராஜுக்குப் போகவேணும். சரியோ?"

"ஓம், சரி," என்றார் அவர். ஆக்லாந்தில் உள்ள எவருக்கும் அந்த வித்தியாசம் தெரியும் என்று அவர் மனதார நம்பினார்.

சனிக்கிழமை பின்னேரம் ஆட்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பீஜிக்காரர் சுந்தரசாமி, சென்னையிலிருந்து வந்து குடியேறிய ரத்னா, இன்னும் நாலைந்து பேர். இரண்டு பெட்டிகளையும் ஒரு சேலையால் மறைத்தார்கள். பின்னால் நின்று ஒரே வீணை சீடியை இரண்டு பெட்டியிலும் மாற்றிப்போடும் வேலை சதாசிவத்தின் மனைவி கல்யாணிக்கு. உஷா சமையலறையில் வடை சுட்டாள். முதலில் எல்லோரும் ஆளுக்கு நாலு வடை சாப்பிட்டார்கள். அங்கேதான் காரியம் கெட்டது. கை நனைத்த வீட்டில் வீட்டுக்காரரின் சாமானைக் குறைத்துச் சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வருமா? எது இனிமையோ அதுதான் அவருடையது என்று சொல்லிவிடத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எது இனிமை என்றுதான் தெரியவில்லை. ஆகவே வீணையைக் கேட்காமல் ஆனந்தராசாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

முதல் பெட்டி வாசித்தது. ஆனந்தராசா கண்ணை மூடித் தலையை ஆட்டினார். முகம் மலர்ந்து போயிற்று. இரண்டாவது வாசித்தபோது பாவற்காயைக் கடித்தவர் போல உதட்டைச் சுளித்தார்.

"ஆமா, முதல்ல போட்டதுதான் உங்களோடது. என்ன இனிமை!" என்றார் ரத்னா.

"ஃபர்ஸ்ட் ஒண்ணு, பிரதர்," என்றார் சுந்தரசாமி. மற்றவர்களும் ஒரே குரலில் முதலாவது என்றார்கள். சதாசிவம்கூட, "அந்த முதலாவது சத்தம் எனக்கு அவ்வளவாப் பிடிக்கேல்லை, உம்மடதாத்தான் இருக்கும்," என்றார்.

கல்யாணி சேலையை இழுத்தாள். முதலில் வாசித்தது சதாசிவத்தின் கொம்பனிப் பெட்டி.

சதாசிவம் தன் பெட்டியைத் தானே குறை சொன்ன வெட்கத்தில் வடைத் தட்டை ஆராய்ந்தார். ஆனந்தராசா எழும்பிப் போய்த் தன் பெட்டியைக் குனிந்து பார்த்தார். நாள்தோறும் கேட்ட சத்தம் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. இனி எந்த முகத்தோடு தன்னை எஞ்சினியர் என்று சொல்லிக்கொள்வது?

உஷா தேத்தண்ணியோடு வந்தாள். "ஏன் எல்லாரும் முதலாவது, முதலாவது எண்டனீங்கள்? ரெண்டாவதுதானே எங்கட?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் ஆனந்தராசா.

"வீணை ஓய்ஞ்சு போற இடத்தில, சோத்தில கல்லுக் கடிபடுற மாதிரி ஒரு கரகரப்பு வரும். இவ்வளவு நாளும் அது வீணை வாசிக்கிறவற்ர பிழை எண்டெல்லோ நினைச்சன். இண்டைக்கு முதலாவதில கல்லைக் காணேல்லை."

அவளைத் திரும்பச் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். கல்யாணி மனம் போன போக்கில் மாற்றிப்போட்டாள். உள்ளே இருந்து உஷாவின் குரல் வந்தது: "இது சதாசிவம் அண்ணையின்ர. இது எங்கட. திரும்பவும் எங்கட." ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை.

"தெரியுது! உஷாவுக்குத் தெரியுது!" ஆனந்தராசா துள்ளி எழுந்தார். கதவைத் திறந்தபோது உஷா கரண்டியும் கையுமாக நின்றாள். தன் மேசையைத் தானே வாயால் கெடுத்துக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது.

"பந்தயத்தில வெண்டது நீர்தான்," என்றார் சதாசிவம் போகும்போது. "ஆனா எதால வெண்டனீர் எண்டதையும் ஒருக்கா யோசியும்."

யோசித்தார். யோசிக்க யோசிக்கச் சோறு இறங்கவில்லை. கல் இருக்கும்வரை பெட்டிக்கு முன்னறை. கல்லை எடுத்தால் உஷாவுக்கும் வித்தியாசம் தெரியாது, பிறகு கராஜ்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பிழை எங்கே என்பது அவருக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. சத்தம் மிக மெலியும் இடத்தில்தான் மேல்படி கீழ்ப்படிகளிடம் வேலையைக் கைமாற்றும். அந்த மேல்படி ரெசிஸ்டர் பிசகியிருக்கிறது. அளக்கும்போது அதை விரலால் பிடித்திருக்கிறார். விரல் சூட்டில் மீற்றர் பொய் சொல்லியிருக்கிறது. பருப்பு டப்பாக்களை எல்லாம் கவிழ்த்து, உடுப்புக் கொடியில் மாட்டும் கிளிப்பால் பிடித்து, மறுபடி ஒவ்வொன்றாக அளந்தார். உஷா இந்த முறை ஏசவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை சதாசிவமும் கல்யாணியும் கொம்பனிப் பெட்டியோடு திரும்ப வந்தார்கள். கல்யாணி மாற்றி மாற்றிப் போட்டாள். சமையலறையில் இருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு உஷா தானே வெளியே வந்து, ஸ்பீக்கருக்கு முன்னால் முழந்தாளிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"தெரியேல்லை," என்றாள். அவள் குரலில் சந்தோஷமே இல்லை. "ரெண்டும் ஒண்டுதான். கல்லு எங்க?"

"எடுத்திட்டன்."

"எடுத்தால் பெட்டி கராஜுக்கு எண்டு தெரியும்தானே? பிறகேன் எடுத்தனீங்கள்?"

"பிழை எண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடி உஷா விடுறது?"

ஆனந்தராசா வயர்களைக் கழற்றினார். யாரையும் தொடவிடாமல், பெட்டியைத் தானே நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் அவ்வளவு பெருமையோடு தோற்ற மனிதரை ஏவன்டேல் கண்டிருக்காது. உஷா முன்னால் ஓடிப்போய்க் கராஜ் கதவைத் திறந்து பிடித்தாள்.

"கவனம், எஞ்சினியர். நிலம் ஈரம்," என்றாள்.

இந்த நாட்டில் அவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.